ஏழாம் நம்பர் பச்சை ஸ்டிக்கர்

ஐரினுக்குப் பற்றிக்கொண்டு வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஓடிக்கிட்டுத்தேன இருக்கு, அப்புறம் என்னத்த டெஸ்ட்டு?" மதுரை கோச்சடைக்குக் குடிவந்த இந்த எட்டு மாதத்தில் அதைக் கேட்காத ஆளே கிடையாது. தையல் கடை, ஹாஸ்டல், டீக்கடை, எங்கே போனாலும் இதே பாட்டுதான்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம், பிளக்கில் செருகும் அத்தனை சாமானையும் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவள் வேலை. கணவன் டோனிக்கு மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை அமைந்ததும் அதை விட்டுவிட்டு வந்தாள். மிக்ஸியும் கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும் இல்லாத தெரு இந்த ஊரில் ஏது, தொழில் பிய்த்துக்கொண்டு போகும் என்று நம்பினாள். சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி, வீட்டு முன்னால் போர்டு மாட்டினாள். ஸ்டிக்கர் அடித்தாள்; தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு, இரண்டிலும் அவள் பெயரும் போன் நம்பரும் இருக்கும். போனும் வராமல் இல்லை. ஒரு அம்மாள் மிக்ஸி பிளேடுக்குச் சாணை பிடிக்கக் கூப்பிட்டார். வாடிப்பட்டியிலிருந்து ஒருவர் எரிந்துபோன டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். ரிப்பேர் பார்ப்பதில்லை என்றதும், "பெறகு என்னத்துக்கு போர்டு மாட்டிருக்க?" என்று கத்திவிட்டுப் போனார்.

ஒருவழியாக முதல் வேலை பழங்காநத்தத்தில் அகப்பட்டது. அழகுபாண்டி என்பவரின் மெஸ். ஒரு கம்பெனிக்குத் தினமும் இருநூறு மதியச் சாப்பாடு அனுப்ப அவருக்கு ஆர்டர் கிடைத்திருந்தது. சமையல்கட்டுச் சாமான்களுக்குப் பாதுகாப்புச் சான்று வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"நல்லபடியா முடிச்சுக் குடுங்க மேடம். கம்பெனில உங்களப் பத்திச் சொல்றேன். அங்க ஆயிரம் சாமான் கெடக்கு" என்றார் அழகுபாண்டி. ஆயிரம் சாமான் என்றால் அவள் தொழில் காலூன்றிவிடும். அன்று காலை ஐரின் ஜெபித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

பதிமூன்று சாமான்கள் தேறின; ஒவ்வொன்றிலும் பச்சை ஸ்டிக்கரில் வரிசை நம்பரைக் கையால் எழுதி ஒட்டினாள். ஏழாம் நம்பர் ஒரு பழைய மிக்ஸி, அதுகூடத் தேறியது. பதினாலாவது கிரைண்டர். அதன் முன்னால் ஈரத்தரையில் ஒரு பலகை, பலகைமேல் மாவரைக்கும் ரெங்கம்மாள்.

"எதுக்குக்கா பலகை?"

"தொட்டா லேசாச் சுர்ருங்கும் தாயி. பலக மேல நின்னா ஒண்ணுஞ் செய்யாது. அம்புட்டுதேன்."

ஐரின் பிளக்கைத் திறந்தாள். கசியும் கரண்டைத் தரைக்குக் கடத்தும் பச்சை எர்த் ஒயர் அடியோடு நறுக்கப்பட்டிருந்தது.

"அதுவா?" அழகுபாண்டி பெருமையாகச் சொன்னார். "புது ட்ரிப் சுவிட்ச் மாட்டுனதுலருந்து இதப் போட்டாலே மெஸ்ஸே அணைஞ்சு போகும். நம்ம ஒயர்மேன் விருமாண்டிதேன் வந்து அந்த ஒயர நறுக்கிவிட்டான். அதுலருந்து கிண்ணுன்னு ஓடுது."

"அண்ணே, உள்ள கரண்ட் கசியுது. அதனாலதான் ட்ரிப் சுவிட்ச் விழுந்து எல்லாத்தையும் அணைச்சுச்சு. இந்தக் கட்டடத்துலயே ஒழுங்கா வேலை பார்த்தது அது ஒண்ணுதான். அதோட வாய அடைச்சுட்டீங்களே!"

"பதிமூணுக்குப் பச்ச ஒட்டுன கை, பதினாலாவதுக்கு வலிக்குதாக்கும்?"

வலிக்கத்தான் செய்தது. ஆயிரம் சாமானும் ஒருகணம் அவள் கண்முன் வந்து போயின. இருந்தும் சிவப்பைத்தான் ஒட்டினாள். கிரைண்டர் தேறவில்லை, சரிபார்த்த பிறகு மறுசோதனை என்று தாளிலும் எழுதிக் கொடுத்தாள். "சரி, மாத்திப்புடுவோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார் அழகுபாண்டி.

வீட்டில் டோனி, "புதுசா ஆரம்பிச்சிருக்க. கொஞ்சம் வளைஞ்சு போனா என்ன?" என்றான்.

"அப்ப நீங்களே போயி அந்தப் பலகைமேல நில்லுங்க!" என்று எரிந்து விழுந்தாள்.  

பத்து நாளாகியும் மெஸ்ஸிலிருந்து போன் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு முற்பகல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளே போனாள். அதே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒட்டிய சிவப்பைக் காணோம். அதன் வயிற்றில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பக்கத்திலேயே ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். ஏழு என்று அவள் கையெழுத்து. மேடையில் இருந்த மிக்ஸி மொட்டையாக நின்றது. பார்வையிட வரும் கம்பெனி ஆளுக்குக் காட்ட அதிலிருந்து உரித்து இதில் ஒட்டியிருக்கிறார்கள்.

ரெங்கம்மாள் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று உளுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பலகை எங்க?"

"அது எதுக்கு தாயி இனிமே? நீதேன் பச்ச ஒட்டிட்டியே. கரண்டு அடிக்காதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. இன்னும் சுர்ருங்கத்தேன் செய்யுது. ஆனா ஓம் பேரு போட்டுருக்குல்ல, அதேன் பயமில்ல."

 அந்த அம்மாளிடம் பாதுகாப்பு என்று இருந்தது ஒரு பலகைதான். அதையும் ஐரின் பெயரைச் சொல்லி உருவிவிட்டார்கள். ஐரின் சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கி, பையிலிருந்த கட்டரால் ஒயரோடு துண்டித்தாள். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

அழகுபாண்டி ஓடிவந்தார். "வடைக்கு உளுந்து பாதியில நிக்குது! உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? கம்பெனில மட்டுமில்ல, இந்த ஊருலயே உன்ன ஒருத்தனும் கூப்புடாமப் பண்ணுறேன் பாரு." 'மேடம்' என்று கூப்பிட்டவர் 'உன்ன' என்று ஒருமைக்கு இறங்கிவிட்டார். கையோடு போனையும் எடுத்தார். ஸ்பீக்கரில் விருமாண்டியின் குரல் கேட்டது. "பிளக்குதேனண்ணே? அஞ்சு நிமிசத்துல வாரேன்."

அவள் பஸ் ஸ்டாப் போய்ச் சேருமுன் புதுப் பிளக் மாட்டியாகிவிடும், பச்சை ஒயர் இல்லாமல். அதைத் தடுக்க அவளிடம் சட்டமும் இல்லை, ஆளும் இல்லை.  பெட்டியைத் தூக்கியவள் ரெங்கம்மாளிடம் திரும்பி வந்தாள்.

"அக்கா, பலகையை எடுத்துப் போடுங்க. யாரு என்ன சொன்னாலும், எந்தக் கலர் ஒட்டினாலும், அதவிட்டு இறங்காதீங்க."

 ரெங்கம்மாள் காய்கறிக் கூடைக்கு அடியில் கிடந்த பலகையை உருவி, முந்தானையால் ஈரத்தைத் துடைத்து, கிரைண்டருக்கு முன்னால் போட்டு ஏறி நின்றார். எட்டு மாதத்தில் ஐரின் சொன்னதை ஒருவர் அப்படியே கேட்டது அதுதான் முதல் தடவை.