ஈரலுக்கு ஈரல்

நாயின் வயிற்றில் துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டைவரை குட்டியானை வண்டி பிடித்து, வழியெல்லாம் வாந்தியைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். மருந்து கொடுத்து அனுப்புவார் என்று பார்த்தால், ஈரலில் துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்.

அது ஏழு வயது லேப்ரடார், பெட்டை. ஒரு மாதமாகச் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தது. ஈரல் கெட்டிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. ஏன் கெட்டது என்பதை ஸ்கேன் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும், ஊசியால் குத்தி எடுத்தால் போதுமான சதை கிடைக்காது, அந்தக் காலம்போல வயிற்றைக் கிழிக்கவும் வேண்டாம், இரண்டு சின்னத் துளை போதும் என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். பொறுமையாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. புது மிஷின் வாங்கியிருக்கிறார், என் நாயை வைத்துக் கைபழகப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வைத்தியத்தைத் தொடங்கினேன். பிள்ளை பெற்று ரத்தமில்லாமல் நான் கிடந்தபோது என்னைத் தேற்றியது ஆட்டு ஈரல்தான். ஈரல் கெட்ட நாய்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கறிக்கடை அண்ணாச்சியிடம் சொல்லிவைத்து, தினமும் காலையில் வாங்கி, உப்பில்லாமல் வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து ஊட்டினேன். சோற்றைத் தொடாத நாய் ஈரலைத் தின்றது. அதைப் பார்த்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த தெருவிலிருக்கும் என் அக்காதான் தடுத்துப் பார்த்தாள். எட்டு வயது மூத்தவள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள்.

"ஏட்டி, டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடேன்" என்றாள்.

கேட்டால் மறுபடியும் கத்தியைத் தூக்கிக்கொண்டு வருவார், உன் வேலையைப் பார் என்று வாசலில் வைத்தே அவளைத் திட்டி அனுப்பினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. மறுநாளும் அவள் நாயைப் பார்க்க வந்தாள். அதற்கும் கோபப்பட்டேன்.

இரண்டு மாதம் போனது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிக் கிடந்ததைப் பார்த்ததும் என் வீம்பெல்லாம் இறங்கிவிட்டது. அக்காவே போய் வண்டி பிடித்து வந்தாள்.

ஈரல் கெட்டால் ரத்தம் உறையாமல் போகலாம் என்று முதலில் அதைச் சோதித்து, ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று திரையைப் பார்க்கவிட்டார்கள். வயிற்றுக்குள் வாயுவை ஏற்றியதும் அது கூடாரம் மாதிரி எழும்பியது. வழுவழுவென்று இருக்க வேண்டிய ஈரல் கூழாங்கல் பரப்பியது போல மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. ஒரு சின்ன இடுக்கி நுழைந்து, மிளகளவு துணுக்குகளாக ஐந்தாறு இடத்தில் கிள்ளியது. ஒவ்வொரு கிள்ளுக்கும் ரத்தம் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து அடுத்ததற்குப் போனார் டாக்டர். அரைமணி நேரத்தில் முடிந்தது. இரண்டு துளைக்கும் சேர்த்து நாலு தையல்கூட இல்லை. இதற்குத்தானா இரண்டு மாதம் சண்டை பிடித்தேன் என்று பற்றிக்கொண்டு வந்தது. அப்போதும் அவர்மேல்தான். இவ்வளவு லேசான காரியமென்றால் அன்றைக்கே என்னை அதட்டிச் சொல்லியிருக்க வேண்டாமா?

பத்து நாளில் முடிவு வந்தது. கேட்கப் போனபோது அக்காவும் கூட வந்தாள். ஈரல் முழுக்கச் செம்புச் சத்து தேங்கிக் கிடக்கிறதாம். இந்த இனத்தில் சில நாய்களுக்கு அதை வெளியேற்றும் திறன் பிறவியிலேயே குறைவாம். மருந்து இருக்கிறது, பிழைத்துவிடும், ஆனால் இறுகிப்போன பாகம் இனித் திரும்பாது என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து கேட்டார்.

"நான் நினைச்சதவிட ரொம்ப அதிகமா இருக்கு. ஆட்டு ஈரல் எதுவும் குடுத்தீங்களா? செம்பு அதுலதான் நிறைய."



"நாந்தான் குடுத்தேன் டாக்டர்" என்றாள் அக்கா. "தினமும் குடுத்தேன்."

பொறுமையான அந்த மனிதர் அன்றைக்குப் பொறுமையை விட்டார். ஒரு வார்த்தை கேட்காமல் இப்படிச் செய்யலாமா, நாயைக் கொல்லப் பார்த்தீர்களே என்று அவளைப் பிடி பிடியென்று பிடித்தார். அவள் தலைகுனிந்து நின்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டியில் ஏறியதும் அவள்மேல் எரிந்து விழுந்தேன். உன்னை யார் பழியைத் தலையில் போட்டுக்கொள்ளச் சொன்னது என்று கத்தினேன்.

"ஒன்னைய ஏசுனா நீ அவர்ட்டயும் சண்டைக்குப் போவ" என்றாள். "பொறவு இதுக்கு யாரு வைத்தியம் பாக்கது?"



மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்போதும் போகிறோம். நாய் எடை கூடியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் அக்காவைப் பார்த்துத்தான், ஈரல் எதுவும் கொடுக்கவில்லையே என்று கேட்கிறார். இல்லை என்று அவள் தலையாட்டுகிறாள். நான் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.