இரண்டாவது உறை

"…வேலை செஞ்ச மனுசன வெறுங்கையோட அனுப்பிட்டு, நான் எப்படி பாஸ் தீபாவளிக்கு எண்ணெ வச்சுக் குளிக்கிறது? புடிங்க, புடிங்க" என்று சொல்லிக்கொண்டே பெரிய முதலாளி ஓர் உறையை அப்பாவின் சட்டைப் பையில் திணித்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய வெள்ளை உறை. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ஏணியை ஒரு தோளிலும் பெயின்ட் வாளிகளை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு, என்னை முன்னால் நடக்கவிட்டுக் கடையை விட்டு இறங்கினார்.

அப்பா பெயின்ட் பாஸ். எங்கள் பக்கத்தில் சுவர் கட்டுகிறவர், மரவேலை செய்கிறவர், பெயின்ட் அடிக்கிறவர் எல்லோருமே பாஸ்தான். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருந்துகொண்டு பதுளை டவுனில் மொத்தக் கூலி பேசிக் கொந்தரப்பு வேலை எடுத்துச் செய்வார். அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் பஜாரில் ஒரு புடவைக் கடை முழுவதற்கும் பெயின்ட் அடிக்கிற வேலை கிடைத்தது. தகப்பனும் மகனுமாக நடத்துகிற கடை. தகப்பனார் பெரிய முதலாளி, கல்லாவில் இருப்பார். மகன் சின்ன முதலாளி, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் பில் போடுவார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தார் அப்பா. வேலைக்குப் பேசின காசில் மிச்சம் நாற்பதாயிரத்தைத் திங்கட்கிழமையே வாங்கியாயிற்று. இது சந்தோஷத்துக்குக் கொடுத்ததாக இருக்கும். ஆயிரமா, இரண்டாயிரமா? எனக்கு ஒரு சட்டைத் துணி, அம்மாவுக்கு ஒரு சேலை என்று வழிநெடுக யோசனை. வீட்டில் அம்மாதான் பிரித்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து மூன்றாம் தடவை எண்ணினாள்.

"நாப்பதாயிரம்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் யாரும் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடவில்லை. உறை முதலில் அரிசி டின்னுக்குள் போனது. எலி கடித்தால் என்ன செய்வது என்று மெத்தைக்கடியில் போனது. என் தம்பி மூத்திரம் பெய்கிற மெத்தை அது என்று அம்மாவுக்கு நினைவு வர, சாமி படத்துக்குப் பின்னால் போனது. அங்கே வைத்தபிறகு அம்மாவுக்கு விளக்கேற்றவே மனம் வரவில்லை. சாமி எதையோ கேட்கிற மாதிரி இருக்கிறதாம். இதற்கு நடுவில், ஏழு பேர்ச் காணியில் பாதி எழும்பி நிற்கிற எங்கள் புது வீட்டுக்குக் கூரைத் தகரம் எத்தனை வேண்டும் என்று யாரும் கேட்காமலே இரண்டு தரம் சொன்னாள்.

"திருப்பிக் குடுக்கணும்" என்றார் அப்பா.

"யாரு வேணாங்குறா? நான் தகரத்துக் கணக்கத்தான் சொல்றேன்."

சனிக்கிழமை போனோம். கூட ஒரு பெண்பிள்ளை இருந்தால் சாமான் வாங்க வந்த மாதிரி இருக்கும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். கடையில் தீபாவளிக் கூட்டம். பெரிய முதலாளி கல்லாவில் இருந்தார். அவருக்கு நாலு எட்டுத் தள்ளிச் சின்ன முதலாளி. அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உறையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கைகட்டிக்கொண்டு நின்றார்.

அதுதான் பிசகு. பஜாரில் ஒரு பழக்கம் உண்டு. கூலி போதவில்லை என்றால் எந்தப் பாஸும் வாய் திறந்து கேட்கமாட்டார். வாங்கின உறையை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். முதலாளி புரிந்துகொண்டு மேலே போட்டுக் கொடுப்பார். முப்பது வருடமாக அந்தப் பழக்கத்தில் ஊறின அப்பா, அன்றைக்குப் பார்த்து அதை மறந்துபோனார்.

பெரிய முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "இத்தன பேரு முன்னால இப்பிடியா நிக்கிறது? மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாஸ்" என்று இன்னொரு ஐயாயிரத்தை எண்ணி உறையோடு சேர்த்து நீட்டினார்.

"ஐயோ மொதலாளி, அது இல்லங்க…"

"தெரியும், தெரியும். பெயின்ட் வேல லேசுப்பட்டதா? வாங்குங்க. குடுத்த சல்லி மேசைக்குத் திரும்பக் கூடாது."

அப்பா விளக்கம் சொல்ல வாயெடுத்தார். சின்ன முதலாளி பில் போடுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். அந்த நேரத்தில் பெரிய முதலாளி தன் இடப்பக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று, அப்பா இரண்டு பூச்சு அடித்த சுவர். பெரியவரின் ஒரு விரல் அந்தச் சுவரில் மேலும் கீழும் எதையோ தேடிப்போய், வெறுமனே திரும்பி வந்தது. அப்பா அதைப் பார்த்தார். உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னும் நாலு தடவ திருப்பிக் குடுங்க. தகரம் மட்டுமா, மாடியே கட்டிப்புடலாம்."

அப்பா சிரிக்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். எங்கள் காம்பராவில் அது ஆறு எட்டுத் தூரம். நடந்தபடியே சொன்னார். கல்லா பக்கத்துச் சுவர் முழுக்கப் பென்சில் படங்கள் இருந்தனவாம். தச்சனுக்கு ஓர் உளி, தையல்காரருக்கு ஒரு கத்தரிக்கோல், லொறிக்காரருக்கு ஒரு வண்டிச் சில்லு, அப்பாவுக்கு ஒரு பிரஷ். காசு கொடுத்தால் அந்தப் படத்தின் குறுக்கே ஒரு கோடு. திங்கட்கிழமை நாற்பதாயிரம் கொடுத்தபோதும் தன் கண் முன்னால்தான் பிரஷ்ஷின் மேல் கோடு போட்டார் என்றார் அப்பா. அடுத்த நாள் பெரியவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், "அந்த அழுக்குச் சுவரையும் முடிச்சிருங்க பாஸ்" என்று சின்னவர் சொல்ல, அப்பா முடித்துவிட்டார்.

"அழுக்குன்னுதான் நானும் நெனச்சேன். அந்த மனுசனோட ஞாபகமே அதுலதான் இருந்திருக்கு. நாந்தான் ரெண்டு பூச்சு அடிச்சு மூடியிருக்கேன்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "அப்ப சின்னவர் கையில குடுத்துருங்க. அவருதானே பில்லு போடுறாரு."

"குடுத்தா, அன்னைக்கே பெரியவர கல்லாவுலருந்து எழுப்பிருவாரு. ஒரு வருசமா அப்பாவுக்கு வயசாச்சு, அப்பாவுக்கு வயசாச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. நம்ம கையால அந்தக் காரணத்தக் குடுக்கவா?"

"அப்ப தகரம் வாங்குங்க."

அப்பா நின்று அவளைப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, எரிந்துகொண்டிருந்த அடுப்பை வேண்டாத நேரத்தில் ஊதினாள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரியவர் தனியாக இருக்கிற நேரமாகப் பார்த்து, காதோடு காதாக விஷயத்தைச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கிற நேரத்துக்குப் போனால் சின்னவர் வந்திருக்கமாட்டார்.

முதல் பஸ்ஸில் போனோம். சின்னவர் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். தீபாவளி வியாபாரம் அல்லவா! எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நின்றோம். அப்பா ஒரு பிளேன்டீ குடித்தார். தெருவைக் கடந்து கடை வாசல் வரை போனார். திரும்பி வந்தார். இன்னொரு பிளேன்டீ. மறுபடி போனார், மறுபடி வந்தார். அரைமணிக்கு ஒரு தரம் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். வெயில் ஏறியது. எனக்குக் கால் வலித்தது, பசித்தது, அழுகை வந்தது.

முந்தின நாள் அப்பாவும் அம்மாவும் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்திருந்தது. அப்பா கூச்சப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் எழுந்து நின்று சொல்ல முடியாமல் எனக்குத் தொண்டை அடைக்குமே, அதே மாதிரி. அப்படி அடைக்கும்போது பக்கத்தில் இருக்கிற பிள்ளை எனக்காகச் சொல்லிவிடுவாள். அப்பாடா என்று இருக்கும். அப்பாவுக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அப்பா மூன்றாவது பிளேன்டீக்குச் சொல்லப் போன நேரம், நான் ஓடித் தெருவைக் கடந்து கடைக்குள் போய்விட்டேன்.

சின்ன முதலாளியைக் கெட்டவர் என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். "அட, பாஸோட மகளா? வாங்க, வாங்க" என்று பெரிய மனுஷியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார வைத்து, சட்டைத் துணி வேணுமா என்று கேட்டார்.

"துணி இல்ல. அப்பாகிட்ட ஒங்க காசு இருக்கு. தாத்தா ரெண்டு தடவ குடுத்துட்டாரு. திருப்பிக் குடுக்க வந்தப்ப இன்னும் அஞ்சாயிரம் குடுத்துட்டாரு. அப்பாவுக்குச் சொல்ல வெக்கமா இருக்கு."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். தொண்டை அடைக்கவே இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

சின்னவர் கல்லாப் பக்கம் பார்த்தார். பெரியவர் ஒரு பெண்ணுக்கு மிச்சக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கை பாதியில் நின்றது. அதற்குள் என்னைத் தேடிக்கொண்டு அப்பா வாசலுக்கு வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், சின்னவர் முகத்தைப் பார்த்தார். நடந்தது புரிந்துபோயிற்று. சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்துச் சின்னவரிடம் நீட்டினார்.

சின்னவர் எண்ணினார். "நாப்பத்தஞ்சாயிரம். ஒரு சதம் கொறையல. பாஸ், ஒங்கள மாதிரி ஆளு இந்தக் காலத்துல எங்க கெடைக்கும்?" என்று கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மேல்தட்டிலிருந்து ரோஸ் நிறத்தில் பூப்போட்ட துணி ஒன்றை எடுத்து, எனக்காக இரண்டு மீட்டர் வெட்டச் சொன்னார்.

"தம்பி, அவரு மேல பிழை இல்ல" என்றார் அப்பா. "செவுத்துல எழுதியிருந்தாரு. நாந்தான் அழிச்சிட்டேன்."

"எந்தச் செவுத்துல?" என்று கேட்டார் சின்னவர். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. "கடைக் கணக்கச் செவுத்துலயா பாஸ் எழுதுவாங்க?" என்று சிரித்தார். துணி வெட்டுகிற பையனும் சிரித்தான். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நல்லதாக எல்லாம் முடிந்தபிறகும் அப்பா ஏன் அப்படி நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பெரிய முதலாளி அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மிச்சக் காசை எண்ணிப் பார்த்தார். சந்தேகம் வந்த மாதிரி இன்னொரு தரம் எண்ணிக் கொடுத்தார். பிறகு காசு லாச்சியை மெதுவாகத் தள்ளி மூடினார். வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு கல்லாவை விட்டு எழுந்தார். மேசையின் மடக்குப் பலகையைத் தூக்கி, அதன் கீழே குனிந்து, வாடிக்கைக்காரர்கள் நிற்கிற பக்கமாக வெளியே வந்தார். என் துணியைக் கிட்ட வந்து பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கொஞ்சம் நகர்ந்தேன். அவர் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.