பதினொரு பேருக்கும் லியனார்ட் அண்ணனே ஆடினார்

லியனார்ட் அண்ணன் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால் பையைச் சுமந்தவர். காலையில் கொட்டகலைக்கு நடந்து போய்ப் பையை வாங்கி வந்து ஆபீசில் சேர்ப்பார். கல்யாணம் ஆகவில்லை. அம்மா செத்த பிறகு லய வரிசையின் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருந்தார். எல்லோருக்கும் கடிதம் கொண்டு வருவார். அவருக்கென்று ஒரு கடிதம் வந்து நான் பார்த்ததில்லை.

கோயில் மண்டபத்தில் ஒரு வருடம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது அண்ணனிடம் ஒரு புத்தகத்தையும் பத்து முகமுள்ள இரண்டு பகடைகளையும் கொடுத்துவிட்டுப் போனார். உளவாளி விளையாட்டு. அதற்குப் பலகை கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு உளவாளி. பூட்டை உடைக்கிறேன் என்று நாம் சொன்னால், அது உடையுமா உடையாதா என்று பகடை சொல்லும். அண்ணன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் அந்தப் புத்தகத்தைப் படித்தார்.

ஐந்தாறு பேர் போதும் என்று அதில் எழுதியிருந்ததாம். எண்பத்திரண்டில், ஆட்டம் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே பத்துப் பேர் வந்துவிட்டார்கள். மண்டபத்தைக் கூட்டித் தேத்தண்ணி போடுவது என் வேலை. கேத்தலோடு நின்ற என்னையும் அவர் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எனக்குப் பேச வராதுண்ணே."

"உளவாளிக்கு வாய் எதுக்கு ஐவி? கண்ணு போதும்."

ஹோட்டல் அறைகளைத் துடைக்கும் பெண் என்று எனக்கு ஒரு ஆளை எழுதிக் கொடுத்தார். அவளை யாரும் கவனிக்க மாட்டார்கள். எந்த அறைக்குள்ளும் போவாள்.

பதினொரு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கதை எப்படி நடக்கும்? முதலில் மூன்று கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு கங்காணியை வைத்தார். அது சரிவரவில்லை. கங்காணி வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொண்டார்கள். தோட்டத்தில் பழகிய பழக்கம். பிறகு அவர், காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மாதிரியே செய்தார். செக்ரோல் பதிவேடு போல ஒரு தாளில் எங்கள் பெயர்களையும், பக்கத்திலேயே உளவாளிப் பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர் மட்டும் பேச வேண்டும். கடைசிப் பெயர் என்னுடையது.

"ஐவி வாயத் தொறக்குறதுக்குள்ள எதிரி கொழும்புக்கே போய் சேந்துருவான்," என்றான் லொறி ஓட்டும் சோலைமலை.

"ஒன் ஆளு போன வாரமே செத்துட்டான். பொணம் பேசக் கூடாது," என்றார் அண்ணன். சோலைமலைதான் முதலில் சிரித்தான்.

கதை நடப்பது ஏதோ வெளிநாட்டு நகரத்தில். எங்களில் யாரும் வெளிநாட்டு நகரத்தைப் பார்த்ததில்லை. அதனால் அண்ணன் தெரிந்த இடங்களையே வரைந்தார். எங்கள் ரயில் பாலம், சுரங்கப் பாதை, தேயிலை ஃபெக்டரி. எல்லாவற்றிலும் ஒன்று முதல் பதினொன்று வரை இலக்கம் போட்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்தார். அதில் ஆபத்து இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஆள் எதிரியின் அறைக் கதவில் கை வைத்த இடத்தில் ஆட்டம் நின்றது. அடுத்த வாரம் தொடரலாம் என்றார்.

அந்த வாரம்தான் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரம். ஹட்டனுக்குப் போகும் ரோட்டில் புகை தெரிந்தது. அதற்கப்புறம் எங்கு பார்த்தாலும், புலிகள் ஒளிந்திருக்கிறார்களா என்று பொலிஸ் தேடுதல்.

ஓகஸ்டில் ஒரு நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மண்டபத்தில் இருந்தோம். ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது. அண்ணன் அலுமாரியைத் திறந்து பெயர்த் தாளைக் கிழித்து என் கையில் தந்தார்.

"அடுப்புல போடு."

கேத்தலுக்கு அடியில் போட்டேன். வரைபடத்தை எடுப்பதற்குள் வந்துவிட்டார்கள். பாலம், சுரங்கம், பதினொரு இலக்கம். இந்தப் பதினொரு பேரும் யார் என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். எல்லாம் நான்தான், தனியாக விளையாடுகிறேன் என்று அண்ணன் சொன்னார். விளையாடிக் காட்டு என்றார்கள். அவர் பகடையை எடுத்து, பதினொரு குரலில், வெறும் வாங்குப் பலகைகளைப் பார்த்துப் பேசி ஆடினார். பதினோராவது குரல் மெதுவான குரல். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் என் பக்கம் திரும்பி, இந்த ஆட்டம் உனக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டித் தெரியாது என்றேன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஒன்பது நாள் கழித்து விட்டார்கள். வேறு யாரையும் தேடி வரவில்லை. தபால் பை வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அண்ணனைத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலையில் போட்டார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. எதிரே வந்தால் வேறு பாதையில் இறங்கினார்கள், அவ்வளவுதான். சோலைமலை லொறியை நிறுத்தாமல் போனான். என்னாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்து மண்டபத்துச் சாவியைக் கேட்பார். பகடைகளை அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நான் வெளியே கோப்பை கழுவுவேன். உள்ளே அவர் பெயர்களைக் கூப்பிடுவது கேட்கும். தாள் இல்லை, மனதிலிருந்து கூப்பிட்டார். கூப்பிட்டு, கொஞ்சம் பொறுத்து, அவரே பகடை போடுவார். பொலிஸிடம் சொன்ன பொய் அப்படி உண்மையாகிப் போனது. கடைசிப் பெயர் வரும்போது நான் குழாயைத் திறந்து விடுவேன்.

டிசம்பரில், நத்தாருக்கு முந்திய ஞாயிறு குழாயில் தண்ணீர் வரவில்லை.

"ஐவி."

அண்ணன் வழக்கம் போலக் கொஞ்சம் பொறுத்தார். நான் ஈரக் கையோடு உள்ளே போனேன்.

"என் ஆளு இன்னும் இருக்காளாண்ணே?"

அவர் நிமிரவில்லை. "இருக்கா. ரெண்டு தடவ மாட்டப் பாத்தா. நான் பாத்துக்கிட்டேன்."

"இப்ப எங்க நிக்கிறா?"

"அதே கதவுகிட்டதான். உள்ள போறதா வேணாமான்னு நீதான் சொல்லணும்."

என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். மற்ற பத்து இடங்களும் காலியாக இருந்தன. பகடைகளை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கப் போனேன்.

"மொதல்ல வாயால சொல்லு."

"உள்ள போறேன்," என்றேன். ஆளில்லாத மண்டபத்தில் என் குரல் பெரிதாகக் கேட்டது.