சர்க்கரையோடு திரும்பிய போசி

சித்தப்பா தியானம் பழகப் போன வருஷத்தில்தான் எங்கள் வீட்டில் சர்க்கரைச் சண்டை நடந்தது. சண்டை என்று நான் சொல்கிறேனே தவிர, சண்டைக்காரர்களில் ஒருவருக்கு அது நடப்பதே தெரியாது.

அப்போது நாங்கள் புனேயில், சிஞ்ச்வட் பக்கம் சொசைட்டி என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு பாங்க் உத்தியோகம். அவருடைய தம்பியான சித்தப்பா எங்களோடு தங்கி, ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். செய்து வரும் இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்து ‘பாஸ்’, ‘ரிஜக்ட்’ என்று ஒதுக்குவதுதான் அவர் வேலை. பழக்கம் வீட்டுக்கும் வந்தது. அம்மாவின் தோசை, என் கையெழுத்து, அப்பாவின் தலைமுடி எதுவும் தப்பவில்லை. கோவையில் பெண் பார்க்கப் போன இடத்திலும் ரிஜக்ட் செய்துவிட்டு வந்ததால், அப்பா அவரை ஞாயிற்றுக்கிழமை தியான வகுப்பில் சேர்த்துவிட்டார்.

சித்தப்பா புது மனிதராகத் திரும்பினார். “மனசுல ஒரு எண்ணம் வந்தா, வந்திருக்குதுன்னு கவனிக்கோணும். நல்லது கெட்டதுன்னு முத்திரை குத்தக் கூடாது. இது ஏன் இப்படின்னு தெரிஞ்சுக்க ஆசைப்படோணும்” என்றார். அன்று இரவு கருகிய தோசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “சுவாரசியமா இருக்குதுங்க அண்ணி” என்றார்.

பழைய ‘ரிஜக்ட்’டே தேவலை என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாளே அவளும் அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, ஈரத் துண்டு கட்டில் மேல ஏன் கெடக்குதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்ப ஆசையா இருக்குது.” அப்பா பேப்பரை முகத்துக்கு இன்னும் அருகில் தூக்கிக்கொண்டார்.

எதிர்வீட்டில் ஒரு மராத்தி அம்மாள் இருந்தார். அந்த ஊரில் சித்தியைக் காக்கு என்பார்கள். எனக்கும் அவர் காக்கு. அம்மாவுக்கு மராத்தி வராது, காக்குவுக்குத் தமிழ் வராது. இருவருடைய இந்தியும் பாதி கையசைவில்தான் ஓடியது. ஆனாலும் புனேயில் அம்மாவுக்கு என்று இருந்த ஒரே ஆள் அவர்தான். நாங்கள் எல்லோரும் கிளம்பிப் போனபின் இரண்டு வீட்டுக் கதவுகளும் திறந்தே கிடக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்து, காக்குவுக்கு ஒரு போசியில் கொடுத்தனுப்பினாள். எங்கள் கோவைப் பக்கம் பாத்திரத்தைப் போசி என்போம். மாலையில் போசி திரும்பி வந்தது. அடியில் ஒரு கை சர்க்கரை கிடந்தது.

அம்மா போசிக்குள் வெகுநேரம் பார்த்தாள். “இனிப்புப் பத்தலைங்கறாங்களாக்கும்” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வெல்லம் கூடியது. போசி மறுபடி சர்க்கரையோடு வந்தது. பிறகு ஒரு கேசரி. தின்ற விரலை அது விடவில்லை. அதற்கும் சர்க்கரை. அதன்பின் செய்த அதிரசத்தைக் கடித்த அப்பா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனார். அன்று வந்த போசியில் சர்க்கரை முன்பைவிடக் கொஞ்சம் அதிகம்.

“இதுக்கு மேல இனிக்கோணும்னா கரும்பை வேரோட புடுங்கித்தான் குடுக்கோணும்” என்று அம்மா கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு காக்கு மணியடித்த போதெல்லாம் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் அவளைப் போல் குளித்தவர்கள் சிஞ்ச்வட்டில் இருந்திருக்க மாட்டார்கள். பள்ளி விட்டு நான் செருப்பைக் கழற்றுவதற்குள், பகல் முழுவதும் சேர்த்து வைத்த பேச்சை என்மேல் கொட்டிவிடுவாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அது தீர்ந்துவிடும். பிறகு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வகுப்பிலிருந்து நேரே சமையலறைக்கு வந்தார். “அண்ணி, அவங்க சர்க்கரை போட்டாங்க. அது நடந்தது. குத்தம் சொல்றாங்கங்கறது நீங்க குத்துன முத்திரை. கேட்டாத்தானுங்க தெரியும்?”

“பொண்ணு பாக்கப் போன எடத்துல நீங்க கேட்டுப் பாத்தீங்களாக்கும்?”

சித்தப்பா கண்ணை மூடி மூச்சைக் கவனித்தார். அது வழக்கத்தைவிட வேகமாகத்தான் ஓடியது.

ஆனால் மாலையில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். பள்ளியில் மராத்தி படித்ததால் நான்தான் தூது. “சண்டைக்குப் போற மாதிரிக் கேக்காத கண்ணு. தெரிஞ்சுக்கற மாதிரிக் கேளு.”

“அது எப்படிம்மா?”

“மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வெச்சுக்க.”

அப்படியே வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். காக்கு கன்னத்தில் கை வைத்தார். “வந்த பாத்திரத்தை வெறுமையாகவா அனுப்புவது? வீட்டில் என்ன இருக்கிறதோ அதில் ஒரு கை போட்டு அனுப்புவோம். சர்க்கரைதான் எப்போதும் இருக்கும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி அவரும் ஒன்று கேட்டார். “என் டப்பா மட்டும் உங்கள் வீட்டிலிருந்து எப்போதும் காலியாகவே வருகிறதே, அம்மாவுக்கு என்மேல் வருத்தமா?” நான் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். அதிரசம் தின்ற மறுநாள் அவர் வீட்டுக்காரரும் பல் டாக்டரிடம் போனாராம்.

கேட்ட வரிசையிலேயே எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்தேன். பல் விஷயத்துக்கு அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு முன்பே, டப்பா விஷயத்தில், அவள் உட்கார்ந்துவிட்டாள். காக்கு அவல் உப்புமா கொடுத்தனுப்பிய டப்பாக்களை எல்லாம் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று, காலியாகத் திருப்பித் தந்தவள் அவள். பிறந்த வீட்டில் அதுதான் மரியாதை.

“இத்தனை நாளா ஒரு வார்த்தை கேக்காம இருந்திருக்காங்களே” என்றாள். பிறகு, “நானுந்தான்” என்று எழுந்து, குளிக்காமலே எதிர்வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் இந்தியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. காக்குவின் டப்பா ஒன்று எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது. மூடியில் அவர் பெயர் மராத்தி எழுத்தில் வெட்டியிருக்கும். எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் எனக்கு அப்போதே நிலைகொள்ளாது.

“சர்க்கரை போட்டே குடுத்துட்டு வரட்டுமாம்மா?”

“இருக்கட்டும்.”

“நம்ம போசியும் அங்கதான் இருக்குது.”

“இருக்கட்டும்ங்கறேனல்ல.”

அந்தப் போசியை வாங்கி வருகிறேன் என்று சொல்லித்தான் அம்மா தினமும் எதிர்வீட்டுக்குப் போவாள். வெகுநேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு வருவாள். டப்பாவைக் கேட்டுக் காக்கு வருவார். காப்பி குடித்துவிட்டு, டப்பா இல்லாமல் போவார். சித்தப்பாவிடம் சொன்னேன். “சுவாரசியமா இருக்குது” என்றார். இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் ஞாபக மறதி என்று முத்திரை குத்திவிட்டு, நான் வீட்டுப்பாடம் எழுதப் போனேன்.