பாதி டாங்க்

“ஃபுல் பண்ணிடலாமா மேடம்?” பெட்ரோல் பங்க்கில் குழாயும் கையுமாக நின்றவர் கேட்டார்.

“பாதி போதுங்க,” என்றாள் அண்ணி.

“எப்ப வந்தாலும் பாதி. மீதியை யாருக்கு விட்டு வெக்கிறீங்க?”

“உங்களுக்குத்தான். நான் அடிக்கடி வரலைன்னா உங்களுக்குப் பொழுது எப்படிப் போகும்?”

அவர் சிரித்துக்கொண்டே மூடியைத் திருகினார். வண்டி சாலைக்கு வந்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த பாப்பா கேட்டாள்.

“ஒரேயடியா ரொப்பினா என்ன அண்ணி?”

“பெட்ரோலுக்கும் கனம் இருக்கு பாப்பா. டாங்க் நிறைய வெச்சுக்கிட்டா, சும்மா ஒரு பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு ஊரைச் சுத்துற மாதிரி. வண்டிக்கு மூச்சு வாங்கும்.”

முன்னிருக்கையில் சாய்ந்திருந்த அண்ணன் கண்ணைத் திறக்காமலேயே பேசினான். “அப்ப என்னை எதுக்கு ஏத்திக்கிட்டு வர்ற? இறக்கி விட்டுடு. லிட்டருக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும்.”

“நீங்க இளைச்சுத்தான் போயிட்டீங்களே. உங்க கனமெல்லாம் கணக்குலயே வராது.”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். என்ன சொல்லிவிட்டோம் என்பது அண்ணிக்கு அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். வீடு வரும்வரை அவள் கண் சாலையை விட்டு நகரவில்லை.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் போயிருந்தன. மின்வேலை பார்த்தவன், ஏணியில் ஏறினால் இறங்க மனமில்லாதவன். வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் நிலை வந்தபின் ஏணி சுவரோரமாகச் சாய்ந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் இருந்த அண்ணி வேலையை விட்டாள். அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் வரவும் தோதாக இருக்கும் என்று டாக்சி ஓட்டத் தொடங்கினாள்.

அது ஹைப்ரிட் வண்டி. பெட்ரோல் என்ஜின் ஒன்று, கூடவே மின்மோட்டார் ஒன்று. எதை எப்போது ஓடவிடுவது என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும் என்றுதான் விற்றவர் சொன்னார். அண்ணி அதை நம்பவில்லை. வண்டிக்கு என்ன தெரியும், முன்னால் இருக்கிற சிக்னலா தெரியும் என்பாள். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்துவிடுவாள். வண்டி தானாக வேகம் குறைந்து உருளும். பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் மிதித்தால் சக்கரத்தின் ஓட்டம் பேட்டரிக்குள் மின்சாரமாகப் போய்ச் சேரும். ஓங்கி மிதித்தால் சூடாகி வீணாகும். பின்னிருக்கையில் தூங்குகிறவர் விழிக்காதபடி நிறுத்தினால் அதுதான் சரியான பிரேக் என்பது அவள் கட்சி. அழுத்தம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவாள்.

டாக்சி ஸ்டாண்டில் அவளுக்கு ‘ஆமை’ என்று பெயர். “ஆமை வந்தாச்சு, இனி நாம சாப்பிட்டுட்டே வரலாம்” என்பார்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். மாதக் கடைசியில் யார் வண்டி லிட்டருக்கு எவ்வளவு ஓடியது என்ற பேச்சு வரும்போது மட்டும் அத்தனை பேரும் திடீரென்று டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

பாப்பா அண்ணனின் ஒரே தங்கை. இருபத்தாறு வயதாகி, கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் வீட்டில் வைத்த பெயர் உதிரவில்லை. அதிகம் பேசாதவள். அந்த போன் வந்த அன்று விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள். போனை எடுத்ததும் அவள்தான்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு அண்ணன் பெயரைப் பதிந்து வைத்திருந்த, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெருநகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினார். இறந்துபோன ஒருவரின் சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, அண்ணனுக்குப் பொருந்துகிறது, மாலை ஆறு மணிக்குள் வந்து சேர வேண்டும், எதுவும் சாப்பிடக் கூடாது. “ஜுரம், சளி எதுவும் இல்லையே?” என்று இரண்டு முறை கேட்டார். வைக்கும் முன், “லேட் ஆச்சுன்னா லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும்மா. அவங்களையும் வரச் சொல்லியிருக்கோம்,” என்றார்.

அண்ணி காலைச் சவாரிகளை முடித்து மதியம் அப்போதுதான் வந்திருந்தாள். வண்டியில் பெட்ரோல் காட்டும் கட்டங்களில் இரண்டு மட்டும் மிச்சம். சாயங்காலம் வழக்கம்போலப் பாதி நிரப்பிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். அண்ணனைப் பின்னிருக்கையில் படுக்க வைத்துப் போர்வை போர்த்திக் கிளம்பினார்கள். அவர்களுடைய பங்க்கைத் தாண்டும்போது முன்னிருக்கையிலிருந்த பாப்பா கேட்டாள்.

“போட்டுக்கலாமா அண்ணி?”

“மலையைச் சுத்திப் போற ஆத்தோர ரோடு, ஏத்தமே கிடையாது. இந்த ரெண்டு கட்டமே தாராளம். போய்ச் சேந்துட்டு அங்க போட்டுக்கலாம்.”

அண்ணியின் கணக்கு தப்பி யாரும் பார்த்ததில்லை.

ஆனால் ஆற்றுப் பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மேலே எங்கோ பெய்த மழை. தடுப்பு போட்டு நின்ற போலீஸ்காரர் கையை மலைப்பக்கம் காட்டினார். “இன்னைக்கு இந்தப் பாலம் இல்லைம்மா. மலை ரோட்டுல போங்க.”

“நடுவுல பங்க் இருக்கா சார்?”

“மலையிலயா? இறங்கின பிறகுதான்.”

திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வந்தால் ஆறு மணியை மறந்துவிட வேண்டியதுதான். அண்ணி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். பிறகு மலைப்பக்கம் திருப்பினாள்.

முதல் வளைவுகளிலேயே ஒரு கட்டம் அணைந்தது. ஏற்றத்தில் என்ஜின் ஓயவே ஓயாது. சமதளத்தில் அவள் சேர்த்துச் சேர்த்து வைக்கிற சாமர்த்தியம் எதுவும் அங்கே செல்லாது. செய்ய முடிந்தது ஒன்றுதான்: காலை ஒரே அழுத்தத்தில் வைத்து, வேகத்தை ஏற்றாமல், எங்கும் நிற்காமல் போவது. ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்புவதைப் போலப் பெட்ரோலைக் குடிப்பது வேறு எதுவும் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. குளிரும் சேர்ந்துகொண்டது. பேட்டரியைத் தின்கிறவை என்று அண்ணி ஹீட்டரை அணைத்தாள், ஏசியையும் அணைத்தாள். மூன்று பேர் மூச்சில் முன்கண்ணாடி பாலாடை படிந்த மாதிரி மங்கியது.

“பாப்பா, அந்தத் துண்டை எடுத்துத் துடைச்சுக்கிட்டே வா. நிறுத்தாத.”

பாப்பா துடைத்தாள். துடைத்த இடம் மூன்று மூச்சுக்கு மேல் தெளிவாக இருக்கவில்லை. லென்ஸ் துடைத்துப் பழகிய கை என்பதால் கோடு விழாமல் துடைக்கத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பின்னாலிருந்து அண்ணன், “குளிருதே,” என்றான்.

அண்ணியின் கை ஹீட்டர் பொத்தான் வரை போயிற்று. நடுக்கம் ஜுரத்தில் கொண்டுபோய் விட்டால் ஆபரேஷன் கிடையாது. ஹீட்டரைப் போட்டால் மலை உச்சி கிடையாது. விரல் பொத்தானின் மேல் அந்தரத்தில் நின்றது. பாப்பா தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் பின்னால் நீட்டினாள். “இதையும் போத்திக்கோ அண்ணா.” அண்ணியின் கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பியது.

முன்னால் ஒரு லாரி. மூட்டை ஏற்றியது, நின்று நின்று ஏறியது. அண்ணி நெருங்கவில்லை. நெருங்கினால் அது நிற்கும்போது தானும் நிற்க வேண்டும். ஐந்தாறு வண்டி நீளம் இடைவெளி விட்டு, லாரி நின்றபோது ஊர்ந்து, அது நகர்ந்தபோது மெல்ல நெருங்கி, சக்கரம் ஓயாமல் பார்த்துக்கொண்டாள். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஒருவன் முந்திக்கொண்டு வந்து கண்ணாடியை இறக்கினான்.

“ஏம்மா, வண்டி ஓட்டுறியா, ஊர்வலம் போறியா?”

அவன் அந்த இடைவெளிக்குள் நுழைந்துகொண்டான். அடுத்த கணம் லாரி நின்றது, அவனும் நின்றான். அண்ணி வேறு வழியில்லாமல் பிரேக்கை மிதித்தாள். மறுபடி கிளம்பியபோது என்ஜின் அலறியது. கடைசிக் கட்டம் மினுக்கத் தொடங்கியது.

மினுக்க ஆரம்பித்த பிறகு எவ்வளவு தூரம் போகலாம் என்பது சமதளத்தில் அவளுக்கு மனப்பாடம். மலையில் தெரியாது. கணக்குத் தெரியாமல் அவள் வண்டி ஓட்டியது அன்றுதான். பக்கத்தில் மடித்து வைத்திருந்த இன்னொரு துடைப்புத் துணியை எடுத்து அந்த மினுக்கலின் மேல் போட்டாள்.

“இதைப் பாத்தா கால் தானா அழுத்தும்,” என்றாள் மெதுவாக.

அப்போது போன் அடித்தது. பாப்பா எடுத்தாள். அதே நர்ஸ். “எங்க இருக்கீங்க?”

“மலையில. பாலம் மூடிட்டாங்க.”

“அந்த அடுத்த பேஷன்ட் வந்து உக்காந்திருக்கார்ம்மா. டாக்டர் கேக்குறாங்க. ஆறு மணின்னா ஆறு மணிதான்.”

போனை வைத்த பாப்பா துண்டைக் கையில் எடுத்தாள், துடைக்கவில்லை. “அண்ணி, நான் இங்கயே இறங்கிக்கட்டுமா? கனம் குறையும்ல? பின்னால ஏதாவது வண்டியில வந்துடுறேன்.”

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. “நீ இறங்கிட்டா கண்ணாடியை யாரு துடைப்பா? உன் அண்ணனா?”

“பாப்பா,” பின்னால் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது, “கனத்தைப் பத்தி அவகிட்டப் பேச்செடுக்காத. அப்புறம் என்னையும் சேத்து இறக்கி விட்டுடுவா.”

இருவரும் திடுக்கிட்டார்கள். “நீங்க தூங்கலையா?” என்றாள் அண்ணி.

“நீ ஹாரன் வாங்குற அழகுக்குத் தூக்கம் வருமா? அது சரி, துணி போட்டு மூடினா பெட்ரோல் ஊறுமா?”

பெடலின் மேல் அண்ணியின் பாதம் ஆணி அடித்த மாதிரி இருந்தது.

கடைசி வளைவில் என்ஜின் ஒரு முறை விக்கியது. பாப்பா துண்டை முறுக்கினாள். வண்டி இன்னும் கொஞ்சம் ஏறி, நிமிர்ந்து, முகத்தைக் கீழே தாழ்த்தியது. அண்ணி காலை எடுத்தாள். என்ஜின் அடங்கியது. மழைச் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

இறக்கம் முழுக்க அவள் பேட்டரியை ஊட்டி வளர்த்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்னாலேயே பிரேக்கைத் தடவி, தடவி, மலையின் உயரம் மொத்தத்தையும் சொட்டுச் சொட்டாக உள்ளே இறக்கினாள். பேட்டரியைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. பாப்பா துணியை நீக்கிப் பார்க்கப் போனாள். “வேணாம், அது அங்கயே இருக்கட்டும்,” என்றாள் அண்ணி.

அடிவாரத்தில் முதல் பங்க் வந்தது. பாலம் மூடியதால் ஊர் வண்டிகள் அத்தனையும் அங்கேதான் நின்றன. வரிசை வாசலைத் தாண்டி சாலையில் வளைந்து கிடந்தது.

“அண்ணி, நுழையலாமா?”

அவள் வரிசையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பச்சைக் கட்டங்களைப் பார்த்தாள். ஊரில் பங்க்கைத் தாண்டியபோது அவளுக்கு ஒரு துளி சந்தேகம் இருக்கவில்லை. இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு தாண்டினாள்.

நகரத்துக்குள் மோட்டாரில் மட்டும் ஓட்டினாள். பச்சைக் கட்டம் குறையக் குறைய வேகத்தைக் குறைத்தாள். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை துணிக்கடியில் கீச்கீச்சென்று கத்தியது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் நுழைந்தபோது வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் உருண்டது. வாசல் காவலாளி ஓடிவந்து, “சீக்கிரம் எடுங்கம்மா, ஆம்புலன்ஸ் வர்ற வழி,” என்றார். “எடுக்க அதுல ஒண்ணும் இல்லைங்க,” என்றாள் அண்ணி. அவரும் பாப்பாவும் சேர்ந்து ஓரமாகத் தள்ளினார்கள். ஆறு மணிக்குச் சில நிமிஷங்கள் பாக்கி இருந்தன.

மேல் மாடியில் நர்ஸ் அண்ணனைச் சக்கர நாற்காலியில் வாங்கிக்கொண்டார். நெற்றியில் கருவியைக் காட்டிப் பார்த்து, “ஜுரம் இல்லை,” என்றார். எதிர் பெஞ்சில் மடியில் ஒரு துணிப்பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நர்ஸ் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார். எழுந்தார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். போகிற வழியில் அண்ணியிடம், “நல்லபடியா நடக்கட்டும்மா,” என்றார். அண்ணி கை எடுத்துக் கும்பிட்டாள். லிஃப்ட் கதவு மூடும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் அவள் காலைப் பாப்பா கவனித்தாள். செருப்பு இல்லை. அது வண்டியில் இருக்கைக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது.

விடிந்து ஜன்னல் வெளுத்தபோது டாக்டர் வெளியே வந்தார். “ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. புது கிட்னி வேலை செய்ய ஆரம்பிச்சாச்சு. சிறுநீர் வருது,” என்றார். அண்ணி டாக்டரையே பார்த்தாள். “நிஜமாவா? எவ்வளவு வருது?” என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். “அதையெல்லாம் நாங்க அளந்துக்கிறோம்மா.”

அவர் போனபின் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுது தீர்த்தாள். அழுகை ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டிச் சாவியை எடுத்துப் பாப்பாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“பாப்பா, எனக்கு ஒரு உதவி பண்ணு. கேன் வாங்கிட்டுப் போய் முதல்ல கொஞ்சம் ஊத்து. அப்புறம் பங்க்குக்கு ஓட்டிட்டுப் போ, நான்தான் உனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்திருக்கேனே. நீயே பக்கத்துல நின்னு, டாங்க் கழுத்து வரைக்கும் ரொப்பிட்டு வா. நான் வந்தேன்னா பழக்கதோஷத்துல பாதியிலயே போதும்னுடுவேன்.”