மாத்திரை இல்லாத ஏழு நாள்

இடது அக்குளில் கொட்டைப்பாக்கு அளவு கட்டி. குளிக்கும்போது சோப்பு அதில் தட்டி நின்றது. வலிக்கவில்லை என்பதால் மூன்று மாதம் அதை மதிக்கவே இல்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் உடனே காட்டிவிடுங்கள்.

பயாப்சியில் (கட்டியில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) மார்பகப் புற்றுநோய் என்று வந்தது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தபின், நோய் திரும்பாமலிருக்க ஒரு மாத்திரை எழுதினார் டாக்டரம்மா. இருபத்தொரு நாள் விழுங்க வேண்டும், ஏழு நாள் நிறுத்த வேண்டும். இரண்டு சுற்றுக்கான டப்பாக்களைச் சேர்த்தே கொடுத்தார்கள்.

நான் சட்டைக் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக, தைத்து வரும் பீஸில் பிசகு பார்க்கும் செக்கர். அதைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

"அப்போ உங்களுக்கு ஈஸியாப் புரியும்மா. ஒரு செல்லு ரெண்டாகறதுக்கு முன்னாடி உள்ளயே செக்கிங் இருக்கு. மரபணுல கிழிசல் இருந்தா நிறுத்தும், தைக்கும். தைக்க முடியலன்னா அந்த செல்லு தானே செத்துப்போகும். கேன்சர் செல்லுல அந்த செக்கிங் கெட்டுப்போச்சு. டேமேஜ் பீஸே ரெண்டு, நாலுன்னு பெருகுது. இந்த மாத்திரை முதல் செக்கிங்லயே கேட்டைப் பூட்டிடும்."

நன்றாகவே புரிந்தது. புரிந்ததுதான் வினையாயிற்று.

எங்கள் வேலையில் லைன் நிற்பதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஐந்து நிமிடம் நின்றால் சூப்பர்வைசர் ஏழு தலைமுறையை இழுப்பார். இருபத்தொன்றாம் நாள் முதல் டப்பா காலியானதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஏழு நாள் கேட்டைத் திறந்துவிட்டால் அந்தப் பாவி செல்கள் சும்மாவா இருக்கும்? மறுநாளே இரண்டாவது டப்பாவைப் பிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு வேறு.

அந்த டப்பா பாதி தீர்வதற்குள் காய்ச்சல். வாயெல்லாம் புண். ரத்தத்தில் நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு) அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஆட்டோ ஓட்டும் என் கணவர், வீட்டிலிருந்த காலி அட்டைகளை எடுத்துவந்து டாக்டரம்மா மேசையில் வைத்தார்.

"இன்னா விமலா இது? லீவு வாரத்துலயும் துன்னியா?"

"யாக்கம்மா?" என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு மாறினார் டாக்டரம்மா. "ஏம்மா இப்படிப் பண்ணீங்க? எலும்பு மஜ்ஜையில நல்ல செல்லும் பெருகணும்ல? அந்த கேட்டும் பூட்டியிருக்கு. அதுங்க வெளிய வரத்தான் ஏழு நாள்."

உயிரைக் காப்பாற்றக் கொடுத்ததை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேனே என்று நடுங்கிப்போனேன். வார்டில் ஆறு நாள் ஊசி ஏறியது. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கணவர் முகக்கவசத்தோடு வாசலிலேயே நின்றார். தினமும் ரத்தம் எடுத்தார்கள். நான்காம் நாள் வரை எண்ணிக்கை அசையவில்லை.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா காகிதத்தை ஆட்டிக்கொண்டே வந்தார். "ஏறுதும்மா! தானா ஏறுது. பூட்டினதுதான், செல்லு சாகல."

காய்ச்சல் விட்டது. பிறகு எடுத்த ஸ்கேனிலும் எங்கும் ஒன்றுமில்லை. வீடு திரும்பும்போது அல்சூர் ஏரி ஓரம் ஆட்டோவை நிறுத்திவிட்டு மனுஷன் ஹேண்டில்பாரில் தலை சாய்த்து அழுதார். நானும் அழுதேன். அப்படியொரு நிம்மதியை நான் அதுவரை அறிந்ததில்லை.

இப்போது அளவைக் குறைத்து மறுபடி விழுங்குகிறேன். முன்பெல்லாம் மணிக்கு எத்தனை பீஸ் என்றுதான் எனக்குப் பொழுது ஓடும். உட்கார்ந்தால் உடம்பு கூசும். நேற்று மாத்திரை இல்லாத நான்காம் நாள். மத்தியானம் இடுப்பெலும்பின் மேல் கையை வைத்துப் படுத்திருந்தேன். மஜ்ஜை அங்கேதான் நிறைய இருக்கிறதாம்.

சாப்பிட்டுவிட்டு மறுபடி சவாரிக்குக் கிளம்பிய கணவர் எட்டிப் பார்த்தார். "இன்னா, சும்மா படுத்துக்கினு கீற?"

"சும்மா இல்லங்க. உள்ள வேலை நடக்குது."

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.