கூடிப்போன எண்ணெய்

என் மனுசனுக்கு லொறி என்றால் உயிர். வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக் கொழும்புக்கு ஓடும் அந்த லொறியின் கீழே கிழமைக்கு ஒருதரம் மல்லாந்து படுப்பார். பின் அச்சின் நடுவிலுள்ள குண்டுப் பகுதியின் நட்டைக் கழற்றித் துளைக்குள் விரலை விடுவார். விளிம்பிலேயே எண்ணெய் விரலில் பட்டால் சரி, இல்லாவிட்டால் ஊற்றவேண்டும். அந்தக் கியர் எண்ணெய் கூழ்முட்டை மாதிரி நாறும். எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. சோற்றில் கை வைக்கமுதல் நான் சண்டை பிடிக்காத நாளில்லை.

நான் வல்வெட்டித்துறைக் கடலோடிக் குடும்பத்துப் பெண். ஒரு லொறிக்காரரை விரும்பிக் கட்டினதற்காக, என்னைப் பெற்ற ஐயா எங்கள் இரண்டு பேரோடும் கதைப்பதை நிறுத்தியிருந்தார். தங்கச்சிக்குக் கலியாணம் வந்தபோது சின்னம்மா மூலம் ஐயாவின் சொல் ஒன்று வந்தது. அளவெட்டியிலிருந்து மேளக்காரரை இவர் லொறியில் ஏற்றி வரட்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் முகூர்த்தத்துக்கு மேளம் பிந்தினால் ஐயாவின் வாசற்படியை இந்தப் பிறப்பில் மிதிக்க முடியாது.

கலியாணத்தன்று விடியவே, புதுவேட்டியோடு இவர் லொறிக்குக் கீழே போய்விட்டார். எங்கள் ஒழுங்கை ஒடுக்கமானது. வண்டில்கள் போக வழிவிட்டு, ஒரு பக்கச் சில்லுகளை வேலியோர மண்மேட்டில் ஏற்றித்தான் லொறியை விடுவார். விரலில் எண்ணெய் படவில்லை. ஊற்றினார். பிறகும் மனம் கேட்காமல், விருந்தாளிக்குச் சோறு போடுகிற மாதிரி இன்னும் ஊற்றினார்.

"இஞ்சாருங்கோ, லொறிக்கோ கலியாணம்?"

"சும்மா இரும். இண்டைக்கு ஒரு குறையும் வரக்கூடாது."

நானும் முன்னுக்கு இருக்க, மேளக்காரரை ஏற்றிக்கொண்டு அச்சுவேலி தாண்டியதும் ஏதோ கருகிற மணம் வந்தது. இறங்கிப் பார்த்தால் பின்சில்லு ஒன்றில் எண்ணெய் வடிகிறது. இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"சரிஞ்சு நிண்ட லொறியிலை பாத்துப்போட்டன். எண்ணெய் எல்லாம் பள்ளப்பக்கம் ஓடியிருக்கு. நடுவிலை குறைவெண்டு நினைச்சு ஊத்தினது, இப்ப அச்சு வழியாச் சில்லுப் பிரேக்குக்குள்ளை வந்திட்டுது."

சமமான தார்வீதியில் நட்டைக் கழற்றினதும் கூடின எண்ணெய் தானாகவே தகரத்துக்குள் கொட்டுண்டது. ஆனால் நனைந்த பிரேக்கை நம்பி ஓட முடியாது, இனி மாட்டுவண்டி வேகந்தான். எனக்கு வந்த கோபத்தில் நடுவீதியென்றும் பார்க்காமல் கத்தினேன்.

மூத்த நாதஸ்வரக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, நீர் ஆறுதலா ஓட்டும். நாங்கள் வாசிச்சுக்கொண்டு வாறம். லொறி பிந்தினாலும் சத்தம் முந்திப் போயிடும்."

தவில் முழங்கியதுதான் தாமதம், வீட்டுக்கு வீடு சனம் படலைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலம் என்று நினைத்து ஒரு வீட்டில் அவசரமாக நிறைகுடம் வைத்தார்கள். அந்த வீட்டம்மா, எண்ணெய் அப்பிய வேட்டியோடு இருந்த இவருக்குப் பன்னீர் தெளித்து, "மாப்பிள்ளை நல்லாக் களைச்சுப்போனார்" என்றார். மாப்பிள்ளை இவரில்லை என்று நான் சொல்லி யார் கேட்டார்கள்! கோபம் எங்கே போனதோ தெரியாது, சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. சைக்கிள்காரர் சிலர் மணியடித்து வழிவிலக்கிக்கொண்டு முன்னால் போனார்கள்.

பந்தல் தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஐயா வாசலில் நின்றார். உள்ளே ஐயர் மேளக்காரரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர்கள் குதித்து இறங்கி ஓடினார்கள். இவர் மட்டும் இறங்கவில்லை.

"நீர் போம். இந்தக் கோலத்தோடை நான் சபைக்கு வரேலாது."

ஐயா லொறிக் கதவடிக்கு வந்தார். வேட்டியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து, இவருடைய கையைப் பிடித்து, விரல் விரலாகத் துடைத்தார்.

"இறங்கும் தம்பி. மூத்த மருமோன் இல்லாமல் என்ன கலியாணம்?"

கெட்டிமேளம் கொட்டியபோது எல்லாரும் தங்கச்சியின் கழுத்தைப் பார்த்தார்கள். நான் ஐயாவையும் அவருக்குப் பக்கத்தில் நின்ற என் மனுசனையும் பார்த்து, சந்தோசத்தில் விக்கி விக்கி அழுதேன்.